மூன்று மணிக்குப் பிறகு: அமெரிக்காவில் ஆஃப்டர் ஸ்கூல், கோடைகால நிகழ்ச்சிகளுக்கு அரசுப் பணம் பெற முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பள்ளி மூன்று மணி வாக்கில் விட்டுவிடும். அப்பா அம்மா வேலை முடிந்து வீடு சேர ஆறு மணி ஆகும். இடைப்பட்ட மூன்று மணி நேரத்துக்கு வசதியுள்ள வீடுகள் கராத்தே, ரோபாட்டிக்ஸ், கணக்கு வகுப்பு என்று காசு கொடுத்து ஏற்பாடு செய்துகொள்கின்றன. வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை, பையில் சாவியோடு காலி வீட்டுக்குப் போகிறது. கோடையில் இதே நிலைமை பத்து வாரத்துக்கு நீளும். ஆஃப்டர்ஸ்கூல் அலையன்ஸ் என்ற அமைப்பு 2020இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஆஃப்டர் ஸ்கூல், அதாவது பள்ளி விட்ட பிறகு நடக்கும் நிகழ்ச்சிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகள் சுமார் 78 லட்சம். இடம் கிடைத்தால் சேர்த்துவிடுவோம் என்று பெற்றோர் சொன்ன பிள்ளைகள் 2 கோடியே 46 லட்சம்.

நம்மவர்களில் பலர் இந்தப் பக்கம் ஏற்கெனவே கால் வைத்தவர்கள்தான். நூலக அறையில் சனிக்கிழமை கணக்கு சொல்லித் தருபவர், பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் பொருளாளராக இருப்பவர், கோயில் அரங்கில் வீட்டுப்பாட உதவி நடத்துபவர் என்று ஒவ்வொரு ஊரிலும் யாராவது இருக்கிறார்கள். "இதைப் பெரிதாகச் செய்யலாமே, அரசு கிராண்ட் ஏதாவது கிடைக்காதா?" என்று அவர்கள் கேட்கும்போது சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு மாநிலத்தில் இத்தகைய விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் வாசகர் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். விண்ணப்பங்களைப் படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. எவ்வளவு பணம் வேண்டும் என்று தொடங்கியவர்கள் தோற்றார்கள். எந்தப் பிள்ளைகள், வாரத்தில் எத்தனை நாள், ஏன் தொடர்ந்து வருவார்கள் என்று தொடங்கியவர்கள் வாங்கிப் போனார்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

1. பணம் எந்தக் குழாயில் வருகிறது என்று பாருங்கள்

பெரிய குழாய் ஒன்றுதான். அதன் பெயர் 21ஆம் நூற்றாண்டு சமூகக் கற்றல் மையங்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக "ட்வென்டி ஃபர்ஸ்ட்" என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் நிகழ்ச்சிகளுக்கென்றே ஒன்றிய அரசு ஒதுக்கும் நிதி இது மட்டும்தான். 1994ஆம் ஆண்டு சட்டத்தில் இடம்பெற்று, 1998இல் 4 கோடி டாலரோடு பெரிய அளவில் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 133 கோடி டாலர். ஏறக்குறைய 14 லட்சம் மாணவர்கள் இதனால் பயனடைகிறார்கள்.

ஆரம்பத்தில் வாஷிங்டனே நேரடியாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2002இல் கையெழுத்தான கல்விச் சட்டத்துக்குப் பிறகு பணம் மாநிலக் கல்வித் துறை வழியாக வருகிறது. வறுமைப் பகுதிப் பள்ளிகளுக்கான டைட்டில் ஒன் நிதியில் உங்கள் மாநிலத்துக்கு என்ன பங்கோ, அதே பங்குதான் இதிலும். மாநிலம் நிர்வாகத்துக்கு 2 சதவீதம் வரையும், பயிற்சி, கண்காணிப்பு, மதிப்பீடு ஆகியவற்றுக்கு 5 சதவீதம் வரையும் எடுத்துக்கொள்ளலாம். மீதி 93 சதவீதத்தைப் போட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு கிராண்ட் 3 முதல் 5 ஆண்டுகள் ஓடும். 50,000 டாலருக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே "எங்களுக்குப் பத்தாயிரம் போதும்" என்பவர்கள் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

அந்த வேறு கதவுகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 2002இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 49ஆம் முன்மொழிவு, ஆஃப்டர் ஸ்கூலுக்கு மாநிலப் பணத்தை நிரந்தரமாக உறுதி செய்தது. நடிகராக இருந்த அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் ஆளுநராவதற்கு முன்பே முன்னின்று நடத்திய பிரசாரம் அது. 2021 முதல் அதற்கு மேல் விரிவுபடுத்தப்பட்ட கற்றல் வாய்ப்புத் திட்டம் என்று ஆண்டுக்கு 400 கோடி டாலர் அளவுக்குப் பள்ளி மாவட்டங்களுக்கு (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) போகிறது. ஆறாம் வகுப்பு வரை பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளுக்கு 9 மணி நேரம், விடுமுறையில் 30 நாள் என்பது அதன் கணக்கு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் ட்வென்டி ஃபர்ஸ்டுக்கு ஓடுவதற்கு முன், தங்கள் மாவட்டம் இந்தப் பணத்தை என்ன செய்கிறது என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். டெக்சாஸில் ட்வென்டி ஃபர்ஸ்டே "டெக்சாஸ் ஏஸ்" என்ற பெயரில் நடக்கிறது. பெயரை வைத்து வேறு திட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். சில நகரங்கள் தாங்களே நிதி வைத்திருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ 1991லேயே சொத்து வரியில் ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வாக்களித்தது. பக்கத்து ஓக்லாண்ட் 1996இல் தனி நிதி ஏற்படுத்திக்கொண்டது. நியூயார்க் நகரத்தில் இளைஞர் துறை லாப நோக்கற்ற அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டு நடத்துகிறது.

பலர் கவனிக்காத இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று குழந்தைப் பராமரிப்பு மானியம். கைக்குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் பொருந்தும். பணம் குடும்பத்தின் தகுதியை ஒட்டி வரும். அதைப் பெற உங்கள் நிகழ்ச்சி மாநிலத்தின் உரிம விதிகளுக்குள் வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று சாப்பாடு. வேளாண் துறையின் ஆஃப்டர் ஸ்கூல் உணவுத் திட்டத்தில், இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகள் பாதிக்கு மேல் உள்ள பள்ளிப் பகுதியில், 18 வயது வரையிலான எல்லோருக்கும் நாளுக்கு ஒரு சாப்பாடும் ஒரு நொறுக்குத் தீனியும் இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதற்கான பணத்தை அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். கோடைக்கு இதே போலத் தனி உணவுத் திட்டம் இருக்கிறது. சாப்பாடு போட்டால் வருகை கூடும். இது எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரிந்ததுதான், ஆனால் விண்ணப்பங்களில் பாதிப் பேர் இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

கொரோனா காலப் பணத்தைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். 2021 மார்ச்சில் வந்த மீட்புச் சட்டம் பள்ளிகளுக்குச் சுமார் 12,200 கோடி டாலர் கொடுத்தது. அதில் மாநிலங்கள் கோடைகால நிகழ்ச்சிகளுக்கு 1 சதவீதம், ஆஃப்டர் ஸ்கூலுக்கு 1 சதவீதம் தனியாக ஒதுக்கியே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. 2024 செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் செலவுக்கு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். அந்தக் கடை மூடியாகிவிட்டது.

2. உங்கள் பள்ளிக்குத் தகுதி உண்டா?

இங்கேதான் பலருடைய ஆசை முடிந்துபோகும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ட்வென்டி ஃபர்ஸ்ட் வறுமைப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்கானது. பள்ளி முழுவதற்கும் டைட்டில் ஒன் நிகழ்ச்சி நடத்தத் தகுதி பெற்ற பள்ளி, அதாவது பொதுவாக 40 சதவீத மாணவர்களாவது ஏழைக் குடும்பத்தினராக உள்ள பள்ளி, என்பது அடிப்படை அளவுகோல். "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" பார்த்து வீடு வாங்கியவர்களின் பள்ளி பெரும்பாலும் இதில் வராது. வருத்தப்பட ஒன்றுமில்லை. பக்கத்து மாவட்டத்தில், பத்து நிமிடக் கார் தூரத்தில், தகுதியுள்ள பள்ளி இருக்கும். நம் பிள்ளைகளுக்காக மட்டும்தான் செய்வோம் என்றால் இந்தப் பணம் நமக்கானது அல்ல.

தகுதியுள்ள அமைப்புகளின் பட்டியல் தாராளமானது. பள்ளி மாவட்டம், சமூக அமைப்பு, பூர்வகுடி அமைப்பு, வேறு பொது அல்லது தனியார் நிறுவனம், இவர்கள் சேர்ந்த கூட்டணி என எவரும் விண்ணப்பிக்கலாம். மதம் சார்ந்த அமைப்பும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் பூஜையோ மத போதனையோ நடத்தக் கூடாது. கோயில் அரங்கில் கணக்கு வகுப்பு நடத்தத் தடையில்லை, நடுவில் பஜனை மட்டும் வேண்டாம்.

தமிழ் வகுப்புக்குக் கிடைக்குமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகளைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கான மொழிப் பயிற்சியும் அதில் உண்டு. ஆனால் மாணவரின் பள்ளிப் படிப்பை மேம்படுத்துவது என்ற முதுகெலும்பு இல்லாமல் பண்பாடு மட்டும் தனியாக நிற்காது.

3. தனியாகப் போகாதீர்கள்

சிறிய அமைப்பு தனியாக விண்ணப்பித்து வெல்வது நடக்காத காரியம் அல்ல, ஆனால் அரிது. காரணம் எளிது. உங்கள் நிகழ்ச்சியால் பிள்ளையின் மதிப்பெண், பள்ளி வருகை, ஒழுங்கு ஆகியவை முன்னேறினவா என்று ஆண்டுதோறும் காட்ட வேண்டும். அந்தத் தரவு எல்லாம் பள்ளியின் கையில் இருக்கிறது. மாணவர் தனியுரிமைச் சட்டப்படி, பெற்றோர் சம்மதமோ முறையான ஒப்பந்தமோ இல்லாமல் பள்ளி அதை உங்களிடம் கொடுக்காது. மேலும், மாவட்டமும் சமூக அமைப்பும் சேர்ந்து கொடுக்கும் விண்ணப்பத்துக்கும், பின்தங்கியதென்று மாநிலம் அடையாளம் கண்ட பள்ளிக்கான விண்ணப்பத்துக்கும் சட்டமே முன்னுரிமை தருகிறது.

ஆக, பிரின்சிபாலைப் போய்ப் பாருங்கள். "கிராண்ட் எழுதப்போகிறோம், கையெழுத்துப் போடுங்கள்" என்று கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். நான் படித்த விண்ணப்பங்களில் ஒரே வாசகத்தோடு, கீழே பெயர் மட்டும் மாறிய ஆறேழு ஆதரவுக் கடிதங்கள் இணைத்திருந்த ஒன்று இருந்தது. அவற்றைச் சேர்த்ததைவிடச் சேர்க்காமல் இருந்திருக்கலாம் என்று எங்கள் குழுவில் எல்லோருக்கும் தோன்றியது. ஆறு மாதம் முன்பே போங்கள். போகும்போது கேட்க வேண்டியவை: மூன்று மணிக்குப் பிறகு எந்த அறைகள் காலியாக இருக்கும்? காவலாளி எத்தனை மணி வரை இருப்பார்? எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் பிள்ளைகள் திணறுகிறார்கள்? ஆசிரியர்களில் யார் மாலையில் தங்கிச் சம்பளத்துக்கு வேலை செய்யத் தயார்? மாலை நேரப் பேருந்து ஏற்கெனவே ஓடுகிறதா?

பதில்களை ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். யார் பணத்தை வாங்குவது, யார் ஆள் எடுப்பது, தரவை எந்தத் தேதியில் தருவது, பிள்ளைக்கு அடிபட்டால் யாருடைய காப்பீடு என்று நான்கைந்து பக்கத்துக்கு இருந்தால் போதும். மாவட்டமே முதன்மை விண்ணப்பதாரராக இருந்து நீங்கள் துணை அமைப்பாக இருப்பது உங்களுக்கு மரியாதைக் குறைவு அல்ல. கணக்கு வழக்கின் பாதிச் சுமை இறங்கிவிடும்.

4. தேவையை எண்ணாலும் காதாலும் தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலம் கேட்பது "தேவை மதிப்பீடு". பள்ளியின் தேர்வு முடிவு, நாள்பட்ட வருகைக் குறைவு, வறுமை விகிதம் எல்லாம் மாநில இணையதளத்திலேயே கிடைக்கும்; எல்லோரும் அதை எழுதுவார்கள். உங்கள் விண்ணப்பத்தைத் தனித்துக் காட்டுவது நாற்பது பெற்றோரிடம் நேரில் பேசி நீங்கள் தெரிந்துகொண்டதுதான். ஏற்கெனவே அந்தப் பகுதியில் என்ன நிகழ்ச்சிகள் இருக்கின்றன, அவற்றில் ஏன் இடம் இல்லை அல்லது ஏன் பிள்ளைகள் போவதில்லை என்பதையும் சேருங்கள். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் நிகழ்ச்சியையே இன்னொரு தடவை நடத்த யாரும் பணம் தர மாட்டார்கள்.

5. நிகழ்ச்சியை வடிவமைப்பது

பணம் கேட்கும் படிவத்தில் இந்தப் பகுதிக்குத்தான் மதிப்பெண் அதிகம். ஆய்வுகள் சொல்வது என்ன என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

2003இல் மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் ட்வென்டி ஃபர்ஸ்ட் திட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. படிப்பில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. உடனே அதிபர் புஷ் அரசு, 100 கோடியாக இருந்த நிதியை 60 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தது, நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. தலைப்புச் செய்தி அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த அறிக்கையிலேயே கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம் இருந்தது: பதிவு செய்த பிள்ளைகள் வந்த நாட்கள் குறைவு. வராத பிள்ளைக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வதில் என்ன பொருள்?

கோடையைப் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம், வாலஸ் அறக்கட்டளையின் நிதியில், பாஸ்டன், டல்லாஸ், பிட்ஸ்பர்க், ராச்செஸ்டர், ஃபுளோரிடாவின் டுவால் கவுண்டி ஆகிய ஐந்து மாவட்டங்களில் 2013, 2014 கோடைகளைப் பின்தொடர்ந்தது. ஐந்து வார நிகழ்ச்சியில் 20 நாட்களுக்கு மேல் வந்த பிள்ளைகளுக்குக் கணக்கில் பலன் தெரிந்தது. அவ்வப்போது எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆய்விலிருந்து வந்த நடைமுறை ஆலோசனைகள் இவை: குறைந்தது ஐந்து வாரம் நடத்துங்கள், நாளுக்கு மூன்று மணி நேரமாவது பாடம் இருக்கட்டும், ஜனவரியிலேயே திட்டமிடத் தொடங்குங்கள். மே மாதத்தில் ஆசிரியர் தேடினால் நல்ல ஆசிரியர் எவரும் மிச்சம் இருக்க மாட்டார்.

மாலை நேரத்துக்கு, 2010இல் டர்லக் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பல நிகழ்ச்சிகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் தந்த நிகழ்ச்சிகளில் நான்கு குணங்கள் இருந்தன. ஒன்றிலிருந்து அடுத்தது என்று படிப்படியாகப் போவது. பிள்ளைகளைச் செய்ய வைப்பது. அதற்கென்று நேரம் ஒதுக்குவது. எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பதில் தெளிவாக இருப்பது. வெறும் வீட்டுப்பாட நேரம், பிறகு மைதானத்தில் ஓடி விளையாடு என்ற அட்டவணையில் இவை எதுவும் இல்லை. மன்னிக்கவும், நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு இதற்கு நேரெதிரானது: ஆறு மணி நேரம் பள்ளியில் உட்கார்ந்து வந்த பிள்ளையை இன்னும் இரண்டு மணி நேரம் ஒர்க்‌ஷீட்டோடு உட்கார வைப்பது. ஆறாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகள் காலால் வாக்களிப்பார்கள். மூன்றாவது வாரம் அறை காலி. ஒரு பாலத்தைக் காகிதத்தில் கட்டி எடை தாங்குமா என்று பார்க்கும் வகுப்பில் பின்னமும் விகிதமும் தானாக வந்துவிடும். அதைப் பள்ளியில் அந்த வாரம் நடத்தும் பாடத்தோடு இணைக்க ஓர் ஆசிரியரின் உதவி வேண்டும். அதற்காகத்தான் மூன்றாம் படி.

பெற்றோருக்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆங்கில வகுப்பு, பள்ளி இணையதளத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, பிள்ளைகள் செய்ததைக் காட்டும் ஒரு மாலை என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம்.

6. பட்ஜெட்

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

60 பிள்ளைகள், வாரம் 4 நாள், 30 வாரம். மொத்தம் 120 நாள். 15 பிள்ளைக்கு ஒருவர் என்று 4 பேர், தயாரிப்பு நேரம் உட்பட நாளுக்கு மூன்றரை மணி நேரம், மணிக்கு 25 டாலர்: 42,000 டாலர். அரை நேர ஒருங்கிணைப்பாளர்: 32,000. இந்த இரண்டுக்கும் முதலாளி கட்ட வேண்டிய 7.65 சதவீத ஊதிய வரி: 5,661. ஒரு பேருந்து, நாளுக்கு 350 டாலர் வீதம்: 42,000. பொருட்கள் 5,000, வெளி மதிப்பீட்டாளர் 5,000, பின்னணிச் சோதனையும் பயிற்சியும் 2,339. கூட்டினால் 1,34,000 டாலர்.

பேருந்துக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரே செலவு என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் பேருந்தைப் பற்றி முதல் சந்திப்பிலேயே கேட்கச் சொன்னேன். பேருந்தை வெட்டிவிடலாம் என்று தோன்றும். வெட்டினால் கார் இல்லாத வீட்டுப் பிள்ளை வராது, அதாவது யாருக்காக இந்தப் பணமோ அந்தப் பிள்ளை.

இப்போது வகுத்துப் பாருங்கள். 60 பேரும் தினமும் வந்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு 18 டாலர் 61 சென்ட். சராசரியாக 40 பேர்தான் வந்தால் 27 டாலர் 92 சென்ட். செலவு மாறவில்லை, வருகை மட்டும்தான் மாறியது. மதிப்பிடும் வாசகர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார், நீங்களும் போட்டுவிடுங்கள்.

அடுத்தது, புதியவர்களைக் கவிழ்க்கும் விஷயம். பணம் முன்கூட்டி வராது. பெரும்பாலும் நீங்கள் செலவு செய்து, ரசீது காட்டி, பிறகு வாங்குவதுதான் முறை. மேலே உள்ள பட்ஜெட்டில் மாதத்துக்கு 17,000 டாலர் போல வெளியே போகும். இரண்டு மூன்று மாதச் செலவைத் தாங்கக் கையில் 50,000 டாலர் இல்லாவிட்டால், அல்லது வங்கிக் கடன் வசதி இல்லாவிட்டால், கிராண்ட் வென்றும் சம்பளம் போட முடியாமல் நிற்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அமைப்பின் தலைவர் நவம்பர் மாதச் சம்பளத்தைத் தன் கிரெடிட் கார்டிலிருந்து போட்டார். மாவட்டத்தை முதன்மை விண்ணப்பதாரராக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னும் சில விதிகள். இந்தப் பணம் ஏற்கெனவே உள்ள செலவுக்குப் பதிலாக வரக் கூடாது, கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். மாவட்டம் தன் காசில் கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர் சம்பளத்தை இதற்கு மாற்றிவிட முடியாது. இதே காரணத்தால் அலுவலகப் பொதுச் செலவுக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்தச் செலவுக்கென்று அரசிடம் தனி விகிதம் வாங்கி வைக்காத அமைப்புக்கு 8 சதவீதம்தான் உச்சம். மற்ற ஒன்றிய கிராண்டுகளுக்கு 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் என்று படித்துவிட்டு அதையே இங்கே போட்டுவிடாதீர்கள். பெற்றோரிடம் கட்டணம் வாங்க நினைத்தால் முன்கூட்டி அனுமதி வேண்டும். கட்ட முடியாத பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. வாங்காமல் விடுவதே நிம்மதி.

7. காகித வேலை

உங்கள் அமைப்புக்கு 501சி3 அந்தஸ்து (லாப நோக்கற்ற அமைப்புக்கான வரி விலக்கு) இல்லையென்றால் வருமான வரித் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்புக்குச் சுருக்கப் படிவம் உண்டு, கட்டணம் 275 டாலர். முழுப் படிவத்துக்கு 600. அப்புறம் ஒன்றிய அரசின் சாம்.கவ் பதிவுத் தளத்தில் 12 எழுத்து, எண் கொண்ட அடையாள எண் வாங்க வேண்டும். பழைய டன்ஸ் எண் 2022 ஏப்ரலோடு போய்விட்டது. புதிய எண் முழுக்க இலவசம். பதிவு செய்த மறுநாளே "உங்கள் பதிவு காலாவதியாகிறது, 600 டாலர் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வரும். குப்பையில் போடுங்கள்.

8. எழுதுவது

மாநிலம் அறிவிப்போடு மதிப்பெண் அட்டவணையையும் வெளியிடும். அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். விண்ணப்பம் அந்த வரிசையில், அந்தத் தலைப்புகளோடுதான் இருக்க வேண்டும். வாசகர் ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்து விண்ணப்பம் படிப்பார். பதினெட்டாம் பக்கத்தில் நீங்கள் அழகாக எழுதியிருப்பதைத் தேடிப் போய் மதிப்பெண் போட அவருக்கு நேரம் இல்லை. விண்ணப்பதாரர் கூட்டம் வைத்தால் கட்டாயம் போங்கள். சில மாநிலங்கள் அதற்கு வராதவரின் விண்ணப்பத்தையோ, விண்ணப்பிக்கப்போகிறோம் என்று முன்கூட்டிக் கடிதம் அனுப்பாதவரின் விண்ணப்பத்தையோ பிரித்தே பார்ப்பதில்லை.

இலக்குகளை எழுதும்போது ஒன்றிய அரசு எதை அளக்கிறது என்று தெரிந்து எழுதுங்கள்: தேர்வில் முன்னேற்றம், மதிப்பெண் சராசரி, பள்ளி வருகை, பள்ளிக்குள் தற்காலிக நீக்கம் (வகுப்பிலிருந்து விலக்கிப் பள்ளியிலேயே வைக்கும் தண்டனை), கற்றலில் ஈடுபாடு. "பிள்ளைகளின் வாழ்வில் ஒளியேற்றுவோம்" என்பது இலக்கு அல்ல. "60 பேரில் 45 பேர் 90 நாட்களுக்கு மேல் வருவார்கள்; அவர்களில் போன ஆண்டு 18 நாட்களுக்கு மேல் பள்ளிக்கு வராதவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும்" என்பது இலக்கு.

உங்கள் தமிழ் மூளை ஆங்கிலத்தில் எழுதும்போது மிகைச் சொற்களைக் கொட்டும். எனக்கும் அதே வியாதிதான். எழுதி முடித்தபின், இந்தத் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "திங்கள்கிழமை மூன்றேகால் மணிக்கு அந்த அறையில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் அனுப்பலாம்.

9. ஏற்கெனவே நடத்துகிறீர்களா? தரத்தை உயர்த்தவும் பணம் இருக்கிறது

புதிதாகத் தொடங்குவது மட்டும்தான் வழி என்று எண்ண வேண்டாம். மாநிலம் எடுத்துவைக்கும் அந்த 5 சதவீதத்தில் பயிற்சிகள் நடக்கின்றன. 50 மாநிலங்களிலும் மாநில ஆஃப்டர் ஸ்கூல் வலையமைப்பு என்று ஒன்று, மாட் அறக்கட்டளையின் ஆதரவோடு இயங்குகிறது. அதன் அஞ்சல் பட்டியலில் சேர்ந்தால் அறிவிப்புகள் தானாக வரும். மாசசூசெட்ஸ் போன்ற மாநிலத்தில் தரத்தை மேம்படுத்தவென்றே ஒரு தனி மாநில கிராண்ட் உண்டு. வைகார்ட் மையத்தின் தர மதிப்பீட்டுக் கருவி பல மாநிலங்களில் புழக்கத்தில் இருக்கிறது. பாதுகாப்பு, ஆதரவு, பிள்ளைகளுக்குள் பழக்கம், ஈடுபாடு என்று ஒரு வகுப்பைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் முறை அது. ஒரு தடவை நீங்களே செய்து பார்த்து, எந்த இடத்தில் குறைவு என்று எழுதிய விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு.

10. வென்ற பிறகு

முதல் நாளிலிருந்து வருகைப் பதிவு. யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு யார் கூட்டிப் போனார் என்று தினமும் எழுத வேண்டும். இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒருவர் தொலைபேசியில் பேசட்டும். இது ஒன்றுக்கே ஒருங்கிணைப்பாளரின் வேலையில் பாதியை ஒதுக்கினாலும் தகும். ஊழியர்கள் எந்த கிராண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற பதிவும் வேண்டும். தணிக்கையில் முதலில் கேட்பது அதைத்தான். ஆண்டுக்கு ஒன்றியப் பணம் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தால் முழுத் தணிக்கை கட்டாயம்.

ஒரே குழாயை நம்பியும் இருக்காதீர்கள். 2025 ஜூலை 1ஆம் தேதி மாநிலங்களுக்கு வர வேண்டிய கல்வி நிதியில் சுமார் 680 கோடி டாலரை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. ட்வென்டி ஃபர்ஸ்ட் பணமும் அதில் மாட்டிக்கொண்டது. அந்த மாதத்துக்குள்ளேயே விடுவித்தார்கள் என்றாலும், கோடை நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது வந்த அறிவிப்பு அது. உணவுத் திட்டம், குழந்தைப் பராமரிப்பு மானியம், நகர நிதி, உள்ளூர் அறக்கட்டளை என்று மூன்று நான்கு பக்கத்திலிருந்து வருமாறு இரண்டாம் ஆண்டிலேயே அமைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் முடியும் ஐந்தாம் ஆண்டில் தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிட்டிருக்கும்.

11. கிடைக்காவிட்டால்

முதல் முறையே கிடைப்பது அபூர்வம். மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே மாநிலக் கல்வித் துறைக்கு எழுதி, வாசகர்களின் மதிப்பெண்ணையும் குறிப்புகளையும் கேளுங்கள். எந்தப் பகுதியில் எத்தனை போனது என்று அதில் இருக்கும். பிரின்சிபாலிடமும் ஒரு நகல் கொடுங்கள். அடுத்த போட்டி எப்போது என்று கேட்டுக் காலண்டரில் குறித்துவிட்டு, அதுவரை வாரம் இரண்டு நாள், பத்துப் பிள்ளைகளோடு, அதே பள்ளியின் ஓர் அறையில் நடத்தத் தொடங்குங்கள். தினமும் வருகை எழுதுங்கள். அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்துக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் வேண்டும்.